உடைந்தது, உடைத்தாள்

மாலூர் தாண்டியும் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்த கையிலேயே தாளையும் பிடித்து
மூன்று மூன்றாகச் சொல்லிக்கொண்டு வருவேன்:
கோ, வென்ட், கான்.
கம், கேம், கம்.
பக்கத்தில் தொங்குகிற தாசரதி, கூரியர் குடோனில் லோடிங்,
"போனவன் ஏன்க்கா ஆளே மாறிட்டான்,
வந்தவன் சுத்திட்டுப் பழையபடி வந்து நிக்கிறான்" என்பான்.

ஒயிட்ஃபீல்டில் இறங்கி அரைமணி நடந்தால்
மூன்று கட்டடம், பதினெட்டு மாடி, ஒரு கேட்.
கேட்டுக்கு நான்.
எனக்கு ஒரு நீலச் சட்டை, ஒரு விசில், ஒரு பதிவேடு.
பதிவேடு இங்கிலீஷில் இருக்கணும் என்பது கமிட்டி முடிவு.
சிவப்புப் பேனா ஷெட்டி சாருடையது.

முதல் மாதம் 'பண்ணு'வை விட முடியவில்லை.
செக் பண்ணி, வெயிட் பண்ணி,
அட்ஜஸ்ட் பண்ணியே பிழைத்தவள்.
பண்ணுவைப் பிடுங்கினால் வெறும் 'செக்'
கைப்பிடி கழன்ற வாளி மாதிரி நிற்கிறது.
அப்புறம் இந்த 'இங்'.
ஐ ஆம் நோயிங் என்று எழுதினேன்.
வட்டம்.
தெரிவது நடந்துகொண்டே இருக்காதாம்,
தெரிந்தால் தெரிந்ததுதானாம்.

கமிட்டித் தலைவர் வந்தார், கேம்.
தண்ணி லாரி வந்தது, கேம்.
தெருநாய் வந்தது, அதுவும் கேம்.
மரியாதையைச் சொல்லின் வாலில் கட்டுகிற பழக்கம் எனக்கு.
இங்கே வாலே கிடையாது.
உண்மையைச் சொன்னால்
அது ஒன்று பிடித்திருந்தது.

வியாழக்கிழமை, பதினொன்று இருபது.
லாபிக் கண்ணாடிக் கதவு.
ஹுலிகெம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.
மாப்புக் கம்பு பின்னால் போனது.
சத்தம்.
பிறகு கல்லுப்பு கொட்டினமாதிரி தரையெல்லாம்.
அவள் கேட்டது ஒன்றுதான், கன்னடத்தில்:
எத்தனை மாசம் பிடிப்பாங்க?

பதிவேட்டைத் திறந்தேன்.
தமிழில் யோசித்தால் நடுவில் ஓர் எழுத்து
காட்டிக்கொடுக்கக் காத்து நிற்கிறது.
உடைந்தது என்றால் கண்ணாடி பாடு.
உடைத்தாள் என்றால் ராய்ச்சூரில் மூன்று பிள்ளைகள்.
ஒரு மெல்லினத்துக்கும் வல்லினத்துக்கும் நடுவே
பதினாலாயிரம் ரூபாய்.

தாளை எடுத்துப் பார்த்தேன்.
பிரேக், புரோக், புரோக்கன்.
தானாய் உடைந்தாலும் புரோக்,
ஆள் உடைத்தாலும் புரோக்.
கையில் காசில்லாதவனுக்கும் அதே சொல்தானாம்,
தாசரதி சொன்னான், ஒரு மாசக் கடைசியில்.

எழுதினேன்:
த கிளாஸ் டோர் புரோக் அட் லெவன் ட்வென்ட்டி.
பண்ணு இல்லை, இங் இல்லை.

ஷெட்டி சார் படித்தார்.
பேனா புரோக்கின் தலைக்கு மேலே கொஞ்சநேரம் நின்றது.
வட்டம் போட ஒன்றும் அகப்படவில்லை.
"வெர்ப் கரெக்ட்" என்றார்.
மூடப் போனவர், மூடாமல்,
"டிட் யூ சீ?"

டிட் வந்த இடத்தில் சா வராது
என்பதை டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவில்
நான்கு நாள் சொல்லிப் பழகியிருக்கிறேன்.
"ஐ டிட் நாட் சீ, சார்."
தடுக்காமல், திக்காமல்,
நான் பேசிய முதல் முழு வாக்கியம்.
"குட்" என்றார். எதற்கென்று தெரியவில்லை.

திரும்புகிற ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது.
தாளை எடுக்கவில்லை.
பார்க்கவில்லை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
யார் பார்க்கவில்லை என்பது அந்தச் சொல்லில் இல்லை.
நானில்லை, நீயில்லை, எவருமில்லை.
பார்த்தேன் என்றால்தான்
வாலில் தொற்றிக்கொண்டு
வந்துவிடுகிறேன்.