எர்த் கம்பி

பாம்பன் தெற்குவாடியில்
ஐஸ் பிளாண்ட் மோட்டார் எழும்பும் ஒவ்வொரு தடவையும்
சங்கத்து வயர்லெஸ் கத்துகிறது என்று
இஞ்ஞாசி வந்து சொன்னார்.
காய்ந்த எண்ணெயில் ஈர மீனைப் போட்ட மாதிரியாம்.
அதற்கு நடுவே
கடலிலிருந்து யாரோ பேசுகிறார்கள்.
யாரென்று தெரியவில்லை.
பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

செட்டில் குறையில்லை.
குறை, செட்டுக்குச் சோறு போடும் பெட்டியில்.
இருநூற்று முப்பதைப் பன்னிரண்டாக்கித் தரும்
உள்ளங்கை அகலத் தகரம்.
திறந்தேன்.
வாசலில் வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு துண்டுக் கம்பியை வளைத்து ஈயம் வைத்திருந்தார்கள்.
பலகையில் படம் மட்டும் அச்சாகியிருந்தது,
இங்கே சுருள், இங்கே கெப்பாசிட்டர் என்று.
பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவனை
எனக்குத் தெரியாது.
இருந்தாலும் திட்டினேன்.

பழைய டிவி ஒன்றின் வயிற்றிலிருந்து
கறுப்பு வளையத்தைக் கழற்றினேன்.
ஒரே வளையத்தில் இரண்டு சுற்று.
பேஸ் இதில் போகும், நியூட்ரல் அதில் திரும்பும்.
போவதும் வருவதும் ஒன்றுக்கொன்று ஈடாகி
வளையத்துக்குத் தன் வழியே ஏதும் நடந்ததாகவே தெரியாது.
வேலை செய்யும் மின்சாரம் அப்படித்தான்,
சந்தடியில்லாமல் கடந்துவிடும்.
இரண்டு கம்பியிலும் ஒரே திசையில்
கூட்டமாக ஏறி வருகிறதே,
அதைத்தான் மறிக்கும்.
குறுக்கே ஒரு மஞ்சள் பெட்டி.
மிச்சத்தை மண்ணுக்கு இறக்கிவிட
இரண்டு நீல வில்லை.

இவ்வளவையும் இஞ்ஞாசியிடம் சொன்னேன்.
"சரிம்மா, சத்தம் நிக்குமா?" என்றார்.

நிற்கவில்லை.
கூடவே புதிதாக ஒன்று:
பெட்டியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிறது.
பொம்பளை வைத்த ஈயம்தானே என்று
அவர் முகத்தில் ஒரு வரி இருந்தது.
எழுத்துத் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டேன்.

எறும்புதான் வழி காட்டியது.
இறங்க வேண்டியது இறங்காமல்
போக்கிடம் இன்றித் தகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சுவர் ஓரம், சன்னல் இடுக்கு,
நண்டு வலைக் குவியலுக்கு அடியில் என்று
கொல்லைப்புறம் வரைக்கும் போனேன்.
ஐஸ் பிளாண்டிலிருந்து நம்புக்குமார் மண்வெட்டியோடு வந்தான்,
பழி அவன் மோட்டார் மேல் இருந்ததால்.

வேறு ஊரில் எர்த் குழிக்கு
உப்பும் கரியும் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுவார்கள்.
இங்கே உப்பு இனாம்.
அந்த இனாம்தான் தின்றிருந்தது.
முழங்கால் ஆழத்தில் கம்பி கையோடு வந்துவிட்டது.
முனை, பென்சில் சீவியதுபோல.
அதற்குக் கீழே இருந்த ஆறடிக் குழாய்
துருப்பொடியாகி
வெள்ளை மணலில் ஒரு செங்கோடு.
எத்தனை கச்சான், எத்தனை வாடை.
சுவரில் எர்த் என்று எழுதி
அம்புக்குறி போட்டிருந்தது.
அம்பு காட்டிய இடத்தில் எதுவும் இல்லை.

செம்பு பூசிய கம்பி மண்டபத்தில்தான் கிடைத்தது.
நம்புக்குமார் அடித்து இறக்கினான்.
நான் கிளாம்பை முறுக்கித் தார் பூசினேன்.
இருவர் உடம்பிலும் மணல்.

இரவு எட்டேகாலுக்கு மோட்டார் எழும்பியது.
பல்பு ஒருமுறை மங்கித் தெளிந்தது.
செட் சும்மா இருந்தது.
செத்துவிட்டதோ என்று இஞ்ஞாசி தட்டப் போனார்.
அப்போதுதான் அடைக்கலத்தின் குரல்,
தொண்டைக் கரகரப்பு உட்பட:
"தீடைக்கு இந்தப் பக்கந்தான் கெடக்கோம்.
மீனெல்லாம் ஒண்ணுமில்ல.
என் வெத்தலப் பொட்டிய
எவன் கரையில எடுத்து வச்சது?"

இஞ்ஞாசி பித்தானை அழுத்தினார்.
நரம்பு புடைக்க,
இத்தனை மாசப் பழக்கத்தில்,
"அடைக்கலம், கேக்குதா, கேக்குதா" என்று
கூரை அதிரக் கூவினார்.

கடல் ஒரு கணம் பேசாமல் இருந்தது.
பிறகு,
"ஏன்யா கத்துறீய?
நல்லாத்தான கேக்குது."