ஊர்கோள்

இன்குபேட்டர் கதவைத் திறந்தால் திராட்சை வாசனை.
யாரும் வாங்கிவராத திராட்சை.
பத்தொன்பது வருடப் பழக்கத்தில் மூக்குக்குத் தெரியும்:
இனிப்பாக வந்தால் சூடோமோனாஸ்.

தட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
வீரப்பெருமாள் த/பெ அழகிரி, வயது 61,
டயாலிசிஸ், ரத்தம், இரண்டாம் புட்டி.
முகம் தெரியாது. சீட்டில் உள்ள எழுத்துதான் ஆள்.

ஆறு காகித வட்டுகள், ஆறு மருந்துகள்.
மருந்து பலித்தால் வட்டைச் சுற்றிக்
கிருமி ஒதுங்கி நிற்கும்,
நிலவுக்கு ஊர்கோள் கட்டியதுபோல.
அதை மில்லிமீட்டரில் அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அகல் வட்டம் பகல் மழை என்பார்கள்.
எங்கள் ஆய்வகத்தில் அகல் வட்டம் என்றால்
ஒருவர் வீட்டுக்குப் போவார்.

இந்தத் தட்டில் வட்டமே இல்லை.
பச்சைப் புல்தரை வட்டின் விளிம்புவரை வந்திருக்கிறது,
மேலே ஏறி உட்காராத குறை.
இருந்தும் அளவுகோலை வைத்தேன்.
ஆறு மில்லிமீட்டர்.
அது காகிதத்தின் அகலம்.

தொலைபேசியில் டாக்டர் நஸ்ருல், முதல் வருடம்.
நான் மருந்தின் பெயரைச் சொல்லி ஆர் என்கிறேன்,
அவர் எழுதுகிறார். ஆர். ஆர். ஆர்.
"ஒன்றுகூடவா இல்லை, காக்?"
"கொலிஸ்டின் நிற்கலாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும்."
"கெடுவதற்கு அவரிடம் என்ன மிச்சம்?"
இருவரும் சிரித்தோம். உடனே நிறுத்தினோம்.

குழாயைப் பிடுங்குங்கள் என்றேன்.
சொல்வது என் வேலை இல்லை, சொன்னேன்.
"வலப்பக்கம் எப்போதோ அடைத்துவிட்டது.
இடக் கழுத்தில் இதுதான் கடைசி வழி, காக்."

மறுநாள் மாலை அந்தக் கடைசி வழியின் நுனி வந்தது,
ஐந்து சென்டிமீட்டர், மூடியிட்ட போத்தலில்.
இடுக்கியால் பிடித்துப் புதுத் தட்டின் மேல்
முன்னும் பின்னும் நான்கு முறை உருட்டினேன்.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் வழவழப்பு.
பட்டர்வொர்த் ஃபெரித்துறைத் தூண்களில்
நீர் வற்றும்போது தெரியுமே, அது.
முதலில் ஒன்று வந்து ஒட்டும். பிறகு இன்னொன்று.
எத்தனை பேர் வந்தாயிற்று என்று
தங்களுக்குள் ஏதோ கசியவிட்டு விசாரிக்கும்.
ஆள் சேர்ந்ததும் கோழையால் கூரை போடும்.
பட்டா இல்லாத கம்போங் ஒன்று
ஏழு வாரம் அவர் கழுத்துக்குள் இருந்திருக்கிறது.

மருந்து வரும். மேல்மாடிக்காரர்கள் சாவார்கள்.
அடியில் சில, உண்ணாமல் பெருகாமல்
தூங்கிக் கிடக்கும்.
விழித்திருப்பவரை மட்டும் கொல்லத் தெரிந்த மருந்துக்குத்
தூக்கம் புரியாது.
காய்ச்சல் இறங்கும். எல்லாரும் மூச்சு விடுவார்கள்.
அடுத்த வாரம் ஏறும்.

என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், பிஸ்கட் டப்பாவில்
மூன்று அமாக்சிசிலின் கிடக்கிறது.
தொண்டைவலி விட்டதும் மறந்துபோனது. எனக்கே.
அதற்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தம் இல்லை,
பாடப்புத்தகப்படி இல்லவே இல்லை.
கையுறையைக் கழற்றும்போது
அந்த டப்பாதான் நினைவில் நின்றது.

வியாழன் அவர் பெயரில் ஒரு புட்டி.
வெள்ளி ஒன்று.
பிறகு வரவில்லை.
ஒரு பெயர் நின்றுபோனால்
எங்களுக்கு அதில் இரண்டு செய்தி.
எது என்று கணினி சொல்லிவிடும், ஒரு பொத்தான்தான்.
அழுத்தவில்லை.

கிருமியை மட்டும் கிளிசராலில் கலந்து
மைனஸ் எண்பதில் வைத்தேன். விதிமுறை அப்படி.
அது பல வருடம் இருக்கும்.
குப்பியில் எண் எழுதப் போன கை
'வீ' என்று தொடங்கிவிட்டது.
அடித்து எழுதினேன்.

இரவு ஃபெரியில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன்.
பினாங்குக் கரை பின்னால் போனது.
கடலுக்கு மேல் நிலா,
சுற்றிலும் அகலமாய் ஒரு வட்டம்.
கட்டைவிரலை நீட்டி அளந்து பார்த்தேன்.
பழக்கம்.