பின் சீட்டு

எட்டுப் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.
திருவாரூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில்
சுண்ணாம்புக் கோடு பாதி மழையில் கரைந்திருந்தது.

எட்டு எனக்குப் புதிதல்ல.
கொரடாச்சேரி டாஸ்மாக்கிலிருந்து
வெட்டாற்றுப் பாலம் வரை
ஆறு வருஷம் போட்டிருக்கிறேன்,
நடந்தும், குட்டியானை ஓட்டியும்.

இன்று தையல்நாயகியின் ஸ்கூட்டி.
கருவைமர நிழலில் அவள்
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
என் காலையே பார்த்திருந்தாள்.
இரண்டாவது வளைவில் இடது கால் மண்ணைத் தொட்டது.
"அடுத்த வாரம் வாங்க."
திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
ஒன்பது வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள்.

முதல் வழக்கில் யாருக்கும் ஒன்றுமில்லை.
ஊதச் சொன்னார்கள், ஊதினேன்,
மன்னார்குடி கோர்ட்டில் அபராதம் கட்டினேன்,
ரசீதை மடித்து மேல்பாக்கெட்டில் செருகிக்கொண்டு
அதே கடைக்குப் போனேன்.

இரண்டாவது, தாளடி அறுத்து முடித்த மாசி.
கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கிவிட்டு
வெறும் வண்டியாக வந்தேன்.
வெறும் வண்டிக்கு வேகம் தெரியாது.
பொழுது சாய்கிற நேரம்
ரோட்டில் பழுப்பாக ஏதோ அசைந்தது.
தண்ணீர் என்று நினைத்தேன்.
மாசியில் ரோட்டில் ஏது தண்ணீர் என்று கேட்க
எனக்குள் ஆள் இல்லை.

வாத்துக்காரர் பெயர் மாசிலாமணி என்பதை
குற்றப்பத்திரிகையில்தான் படித்தேன்.
அன்று அவர் என்னை அடிக்கவில்லை.
கோலைக் கீழே போட்டுவிட்டு
எண்ணத் தொடங்கினார், சத்தமாக,
களத்தில் நெல் அளக்கிறவர் மாதிரி.
ஆனால் லாபம் என்று ஆரம்பிக்கவில்லை.
ஒன்று என்றார்.
நாற்பத்தொன்றில் நின்று
"இன்னும் ரெண்டு துடிக்குது" என்றார், யாரிடமோ.
நாற்பத்தொன்றுக்குப் பணம் கட்டினேன்.
அந்த ரெண்டு பாக்கி.

சைக்கிள்கூடத் தெரியாதவள்
முப்பத்தெட்டு வயதில் ஆற்றங்கரையில் பழகினாள்.
முழங்கைச் சிராய்ப்போடு வந்து சோறு போட்டாள்.
ஆம்பிளை பின் சீட்டில் போவதை
டீக்கடை ரெண்டு மாதம் பேசியது.
அப்புறம் உர விலையைப் பேசப் போய்விட்டது.

எப்போது நிறுத்தினாய் என்றால்
ஒரு தேதி சொல்ல முடியாது.
நிறுத்தினேன். குடித்தேன். நிறுத்தினேன்.
கடைசியாக நிறுத்தி
வருகிற ஆடிக்கு ஏழு வருஷம்.

மூன்றாவது வாரம் கால் ஊன்றவில்லை.
இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.
"நூத்தியெண்பத்தஞ்சு, ரெண்டு தடவை"
என்றபடி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
"இப்ப?"
"இல்ல சார்."
"எல்லாரும் அதான் சொல்றாங்க."
சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
பேனா நடுவில் எழுதாமல் நின்றது,
உதறிவிட்டு மறுபடி போட்டார்.

தபாலில் வந்தது.
கலியமூர்த்தி, த/பெ வைரக்கண்ணு.
படத்தில் இருப்பவருக்கு என் அண்ணன் வயது.
ரத்தம் ஓ பாசிட்டிவ்.
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
வாத்து பற்றி ஒன்றுமில்லை.

தையல்நாயகி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்,
படித்தாள்,
என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தாள்.
மறுநாள் எப்போதும்போல்
முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.
நானும் எப்போதும்போல்.

பாலம் தாண்டி
நட்ட வயல் தொடங்குகிற இடத்தில்
ஓரம் கட்டினாள்.
இறங்கினாள்.
வண்டியை ஆஃப் பண்ணவில்லை.
நான் முன்னால் நகர்ந்தேன், அவள் பின்னால் ஏறினாள்.

இருபதில் போனேன்.
நெல் ஏற்றிய டிராக்டர்கூட என்னை முந்தியது.
அவள் என் தோளைப் பிடிக்கவில்லை.
சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருந்தாள்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
கம்பியில் வளையல் படும் சத்தம்
லெட்சுமாங்குடி வரைக்கும் கேட்டது.