இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

வியாழன்தோறும் மூன்றரைக்கு வருவாள் ஓபீலியா கிராண்டிசன்.
கோட்டைக் கழற்ற மாட்டாள்.
"இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு" என்பாள்
மருந்துக்கடையில் சீட்டு நீட்டுகிறவள் போல.

வெளியே ஒமாஹாவின் பனி சேறாகிக்கொண்டிருக்கும்.
இசைத்தட்டைத் துடைத்து ஊசியை இறக்குவேன்.
முதலில் கொஞ்சம் பொரிச்சல்.
பிறகு டபுள் பாஸ் நடக்கத் தொடங்கும்,
வாடகை பாக்கி இல்லாதவன் நடை.
ஐந்து சாக்ஸபோன்கள்
ஒரே மூச்சில் ஒரு சுவரைப் பூசி முடிக்க
நான்கு டிரம்பெட்டுகள் எழுந்து நின்று
அதை இடித்துத் தள்ளும்.
பதினைந்து பேர் வியர்த்த மேடை அது.
உறையில் தலைவனின் பல்வரிசை மட்டும்.

அவள் கால் தாளம் போடாது.
டிராம்போன்காரன் எழுவான், ஏறுவான்,
உச்சியில் ஒரு சுரம் வழுக்கும்.
அந்த அரை மூச்சு இடைவெளியில்
கூட்டத்திலிருந்து ஒருத்தி சிரிப்பாள்.
குட்டைச் சிரிப்பு, தொண்டையிலிருந்து.

"போதும்."
ஊசியைத் தூக்குவேன். போய்விடுவாள்.

பிப்ரவரியில் ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்:
ஒன்றரை டாலர்தானே, எடுத்துப் போங்களேன்.
"அது நான்" என்றாள்.
எது?
"சிரிக்கிறது. நாற்பத்தொன்று, அக்டோபர்.
அன்றைக்கு ராத்திரி முழுக்க நான்
சலவைக் கூடத்தில் வேலையில் இருந்தேன்,
என் புருஷனைக் கேளுங்கள், சத்தியம் செய்வார்.
அவருக்குக் கண் போய்விட்டது.
காதுக்கு ஒரு குறையும் இல்லை."

அன்றே அந்தத் தட்டை
போல்கா பெட்டியின் அடியில் செருகினேன்,
யார் கண்ணிலும் படாதிருக்க.
ஊரில் பாதிப் பேர் செக்காரர்கள் என்பது
எனக்கு ஏன் தோன்றவில்லையோ.
சனிக்கிழமை, என் தம்பி கல்லாவில் இருந்தபோது,
போஹுமில் வாவ்ரா ஐந்து தட்டுகளை
அள்ளிக்கொண்டு போனார்.

திங்கள் காலை கடை திறக்குமுன் நிற்கிறார்.
"இதில் அக்கார்டியன் எங்கே?"
மாற்றித் தருகிறேன் ஐயா, இரண்டாகவே தருகிறேன்.
கை நீட்டினேன். அவர் தரவில்லை.
"மூன்றாம் பாட்டில் ஒரு பெண் சிரிக்கிறாளே,
எதற்கு?
நானும் என் மனைவியும் நேற்றெல்லாம்
அதையே பேசிக்கொண்டிருந்தோம்.
காலை மிதித்துவிட்டான் என்கிறாள் அவள்.
நான் அப்படி நினைக்கவில்லை."
தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு
வழுக்கும் நடைபாதையில்
பார்த்துப் பார்த்துப் போனார்.

வியாழக்கிழமை மூன்றரை.
தலை குனிந்து எல்லாம் சொன்னேன்.
"அவர் என்ன நினைக்கிறாராம்?" என்றாள்.
சொல்லவில்லையே, என்றேன்.

கோட்டைக் கழற்றி
நாற்காலி முதுகில் போட்டாள்.
"சரி, வேறென்ன வைத்திருக்கிறீர்கள்?
போடுங்கள்."