வெள்ளிக்கிழமை மீன்

மூன்று மீன், ஒரு மஞ்சள் பீங்கான்.
கொழும்பில் நடைபாதையில் விரித்திருந்த படங்களில்
எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது.
சுருட்டி, குழாய்க்குள் செருகி,
இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
வவுனியாவில் கொண்டக்டர் கேட்டார்:
"என்ன தங்கச்சி, துவக்கோ?"
பஸ் முழுக்கச் சிரித்தது.
பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கஸ்தூரியார் வீதி, சூசைதாசன் கடை.
சட்டத்துக்குக் காத்திருந்தவர்கள்:
இரண்டு முருகன், ஒரு மாதா,
பட்டமளிப்புத் தொப்பியோடு ஒரு பொறியியலாளர்,
அந்தியேட்டிக்கு அவசரமாய் ஒரு ஐயா.
"மீனை ஏன் பிள்ளை கண்ணாடிக்குள்ளை போடுறாய்,
ஐசுக்குள்ளை எல்லோ போடுறது."
குருநகர் ஆள்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிச்
செதிலைப் பார்த்தார், செட்டையைப் பார்த்தார்.
"இது பாரையுமில்லை, விளைமீனுமில்லை.
கீறினவன் கடல் பாக்கேல்லை.
ஆனா கண் சரி.
இப்பதான் செத்த கண்."

கொக்குவிலில் எங்கள் வாடகை வீடு.
சொந்தக்காரர் ஒஸ்லோவில்.
ஒப்பந்தத்தில் ஆறாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கப்படாது.
ஆனால் ஹோலில் ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது,
நெஞ்சளவுக்கும் கீழே.
பெயின்ற் அடித்தவன் அதற்கும் சேர்த்தே அடித்திருந்தான்.
எது தொங்கியது, ஏன் இவ்வளவு பதிவாய்?
கதிரையை விட்டு எழும்பமுடியாத ஒருவர்
பார்ப்பதற்காயிருக்கலாம்.
"நாங்களும் இருந்து பாப்பம்" என்றான் பிரணவன்.
கதிரைகளை இழுத்துப் போட்டோம்.
அப்படித்தான் எங்கள் ஹோலுக்கு
ஒரு முன்பக்கம் வந்தது.

யோகமலர் அக்கா,
சொந்தக்காரரின் தங்கை,
வாடகைக்கும் மாமரத்துக்கும் பொறுப்பு.
வந்தார். சாமியறைக் கதவு திறந்திருந்தது.
மீனைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார்.
அவை ஒன்றையொன்று பார்ப்பதைப் பார்த்தார்.
"மச்சம் வெள்ளிக்கிழமையிலுமோ பிள்ளை?"
சமைக்கேல்லை அக்கா, சும்மா படம்.
"படமெண்டாலும்" என்றார்.

அவர் போனபின் எங்களுக்குள் சண்டை.
கழற்றினால் அது என்ன வீடு என்றேன்.
கழற்றாவிட்டால் எந்த வீடு என்றான்.
கடைசியில் ஒரு வியாழன் இரவு
பல் தீட்டப் போகிற வழியில்
ஒன்றும் சொல்லாமல் படத்தைத் திருப்பிவிட்டான்,
முகம் சுவருக்கு.

வெள்ளி காலை தேத்தண்ணியோடு வந்து இருந்தேன்.
படத்தின் முதுகு.
பால்மாப் பெட்டியில் வெட்டி
சூசைதாசன் அடைத்த மட்டை.
மேல்நோக்கி இரண்டு அம்புக்குறி,
ஒரு குடை, நனையக்கூடாதாம்,
ஒரு கிளாஸ், உடையக்கூடியதாம்.
ஓரத்தில் பென்சிலால் அளவுக் கணக்கு,
கூட்டினதில் பிழை, வெட்டித் திருத்தியது.
அதன் கீழ், வட்டம் போட்டு:
மீன்காரப் பிள்ளை, மிச்சம் 200.

குடுக்கேல்லை.
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது வியாழன் இரவுகளில் நானே திருப்புகிறேன்.
சனிக்கிழமை பிரணவன் திரும்பவும் மீனாக்குவான்,
சிலவேளை மறந்து, திங்கள்வரை குடைதான்.
போன மாதம் அக்கா அந்தக் கதிரையில் இருந்து
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"இது பறவாயில்லை. அடக்கமாயிருக்கு."

இருநூறு ரூபாய் கைப்பையில் தனியாய்க் கிடக்கிறது.
குடுத்தால் அந்தப் பென்சில் வரி பொய்யாகிவிடும்.
கஸ்தூரியார் வீதியில்
நான் இப்போது மறுகரையால்தான் நடக்கிறேன்.