கண் மட்டும்

உன் ஓட்டுநர் உரிமத்தில்
ஒரே ஒரு சொல்: கொடையாளர்.
அது போதாதென்று உனக்குத் தெரிந்திருந்தது.
"அட்டையைக் கேட்கமாட்டார்கள், நொலீன்,
உன்னைத்தான் கேட்பார்கள்" என்றாய்,
சிப்பி திறக்கும் கத்தியைத் துடைத்தபடி.
நான் அடுப்பை அணைக்க எழுந்தேன்.

நீ விடவில்லை.
கிறிஸ்துமஸ் பகலில், கொல்லையில்
ஆட்டுக்கறி புரட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னாய்.
"சாப்பிடுகிற நேரத்தில் என்ன பேச்சு இது"
என்று லாக்கி இடுக்கியை உன் கையில் திணித்தான்.
மகனிடம் படகில் சொன்னாய்.
எஞ்சின் இரைச்சலில் கெரின்
கடலைப் பார்த்தபடி நின்றான்.

என்னிடம் மட்டும் பட்டியல் போட்டாய்:
ஈரல், நுரையீரல், சிறுநீரகம் இரண்டும்,
இதயம், "ஓடுகிறவரை ஓடட்டும்."
கண் மட்டும் வேண்டாம் என்றாய்.
சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

மார்ச் மாதம். சிப்பிப் பருவத்தின் ஒன்பதாம் நாள்
வலைக்கூடை தூக்கும் வடம் அறுந்தது.

இன்வர்கார்கில் மருத்துவமனையில்
உன் மார்பு ஏறி இறங்கியது.
அது உன் மூச்சல்ல என்று
இரண்டு மருத்துவர்கள்
தனித்தனியே சோதித்துச் சொன்னார்கள்.
"தொட்டுப் பார், சூடாக இருக்கிறான்" என்றான் லாக்கி.
தொட்டேன். சூடாகத்தான் இருந்தாய்.
கட்டைவிரலில் அந்தப் பழைய ஓட்டுக் கீறல்கூட.

வைமாரி என்ற தாதி
நாற்காலியை இழுத்து, என் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.
உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.
"டார்சி என்ன சொல்லியிருப்பார்?" என்றாள்.

"எங்களிடம் எதுவும் சொன்னதில்லை" என்று
லாக்கி முந்திக்கொண்டான்.
நான் வாய் திறப்பதற்குள்
சுவரோரம் நின்ற கெரின் சொன்னான்:
"சொன்னார். படகில்.
எனக்குக் கேட்டது."

பிறகு படிவம்.
ஆம், ஆம், ஆம், ஆம்.
கண் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
நீ விளையாட்டாய்ச் சொன்னது
என் கையில் வினையாகிவிட்டது.
சொல்லை எழுதக் கட்டம் இருந்தது,
சிரிப்பை எங்கே எழுத?
சொன்னதைத்தான் எழுதினேன்.
இல்லை.

ஆக்லாந்திலிருந்து விமானம் வந்தது, போனது.
ஜூலையில் ஒரு கடிதம், பெயரில்லாமல்:
படியேறுகிறாராம், நாயோடு, இருமாமல்.
நான்கு முறை படித்தேன்.
லாக்கி வாங்கிப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை,
திருப்பித் தரவும் இல்லை.

சில இரவுகளில் இன்னும்
அந்தக் கட்டத்தின்முன் நிற்கிறேன்.
யாரோ ஒருத்தி, எந்த ஊரிலோ,
சுவரைத் தடவி நடக்கிறாள்.
நீ சிரிக்கிறாய். டார்சி,
அது எந்தச் சிரிப்பு?

நேற்று கெரினைச் சாப்பிட அழைத்தேன்.
"எல்லாம்" என்றேன். "கண்ணும் சேர்த்து.
என் முகத்தைப் பார். நான் சிரிக்கவில்லை."

அடுப்பை அணைக்க எழுந்தான்.
மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன்.
தீயட்டும்.