ஏழாவது சுற்று

வார நாளில் நான் வாகன வரி ஜன்னல்.
ஐந்து வருடத்துக்கு ஒரு ஜூன் மட்டும்
கவுண்டி கவுன்சில் என்னை எண்ணுகிறவளாக்கும்.
விளையாட்டு மண்டபம், மடக்கு மேசை,
செருப்புக்கடியில் கூடைப்பந்துக் கோடுகள்,
ஓரம் காய்ந்த ஹாம் சாண்ட்விச்.

பெட்டியைக் கவிழ்த்தால் முதலில் வருவது வாசனை:
பென்சில் தூள், ஈரக் கோட்டுப் பை.
தடுப்புக்கு அப்பால் கணக்குப் பிடிக்கிறவர்கள்
கழுத்தை நீட்டி நிற்கிறார்கள்.
நான் விரிக்கும் ஒவ்வொரு தாளுக்கும்
அவர்கள் அட்டையில் ஒரு கோடு.
பதினொரு மணிக்கே அவர்களுக்குத் தெரிந்துவிடும்
எந்தத் தெரு யாரைக் கைவிட்டது என்று.
எங்களுக்குத் தெரிய ஞாயிறு ஆகும்.

ஒரு பெயரைத் தொட்டுவிட்டுப் போகிற தேர்தல் இல்லை இது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மனம் போகும் தூரம் வரை எண் போடலாம்.
ஒருவர் பத்துப் பேருக்கும் போட்டிருந்தார்,
பத்தாவதை மட்டும் அழுத்தி,
தாள் கிழியும்படி.
இறைச்சி ஆலையின் பிரேசில்காரர்களும்
வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றார்கள்.
எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று
கவுன்சில் தேர்தல் கேட்பதில்லை,
எங்கே குடியிருக்கிறாய் என்பதோடு சரி.

ஆறு இடம். ஏழால் வகு. ஒன்று கூட்டு.
செல்லுபடியானவை எட்டாயிரத்து நானூற்றுப் பதினாலு,
ஆயிரத்து இருநூற்று மூன்றைத் தொட்டவர் உள்ளே.
மிஞ்சியது அடுத்த பெயருக்கு வழியும்.
யாருக்கும் மிஞ்சாதபோது
கடைசி ஆளை இறக்கி
அவர் கட்டைப் பிரிப்போம்.

ஏழாவது சுற்றில் அட்ராக்டா கீவ்னி.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கட்சி கிடையாது.
கில்னபிராக் பாலம்தான் அவள் கொள்கை முழுவதும்:
இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால்
ஒன்று பின்னாலேயே போக வேண்டிய பாலம்.
அறுநூற்றுப் பதினொன்று.
ஒலிபெருக்கி பெயரைச் சொன்னபோது
அவள் தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள்,
கலக்குவதை நிறுத்தவில்லை.

அந்தக் கட்டு என் மேசைக்கு வந்தது.
ரப்பர் வளையத்தைக் கழற்றினேன்.
இருநூற்று எழுபத்தெட்டு டிம்ப்னா ராட்டிகனுக்கு,
இருநூற்று ஆறு கான்லெத் மல்குவீனுக்கு.
மீதி நூற்றிருபத்தேழில்
அவள் பெயருக்கு ஒன்று, பிறகு வெறும் கட்டங்கள்.
அவற்றுக்குப் போக இடமில்லை,
தனி அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

கான்லெத் மறு எண்ணிக்கை கேட்டார்.
இரவு இரண்டு மணிக்கு, விரல் நுனி கறுத்து,
அதே நாலு வாக்கு வித்தியாசம்.
டிம்ப்னாவைத் தோளில் தூக்கினார்கள்,
கூடைப்பந்து வளையத்தில் தலை இடிக்கப் பார்த்தது.

மாதக் கடைசியில் முதல் கூட்டம்.
தங்களுக்குள் ஒருவருக்குச் சங்கிலி மாட்டினார்கள்,
ஒரு வருடத்துக்குத் தலைவர்.
பக்கத்து நாற்காலியில் தலைமை நிர்வாகி.
அவருக்கு யாரும் எண் போட்டதில்லை,
நேர்முகத் தேர்வில் வந்தவர்,
சாலைப் பொறியாளர் அவருக்குத்தான் பதில் சொல்வார்.
வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்கலாம்,
வளர்ச்சி வரைபடத்தைத் திருத்தலாம்.
தார் எந்தச் செவ்வாய்க்கிழமை வரும் என்பது
மாடியில் இன்னொரு அறை.
டிம்ப்னா பாலத்தைப் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தாள்.
நிதி கிடைத்தால் பரிசீலிக்கப்படும் என்று
ஒரு பக்கப் பதில்.

ஜூலையில் அட்ராக்டா என் ஜன்னலுக்கு வந்தாள்,
பேருந்துக்கு வரி கட்ட.
சுற்றுவாரியான முடிவுத்தாளை மடித்து
கைப்பையில் வைத்திருந்தாள்.
நாலு வாக்கில் அவளுடையது எவ்வளவு என்று
நான் சொல்லவில்லை, அவளுக்கே கழிக்கத் தெரியும்.
நோட்டுகளைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"அந்த நூற்றிருபத்தேழு பேர் கையில் கிடைக்கட்டும்.
பென்சிலைக் கயிற்றில் கட்டித்தானே வைத்திருந்தார்கள்,
இன்னொரு எண் போட்டால்
கை உதிர்ந்துவிடுமா?"

சில்லறை கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டாள்.